பதினஞ்சா, ரெண்டு பத்தா

கச்சேரி மேடையில் பேஸ் கிதார் வாசிக்கிறவன் கல்யாண ஆல்பத்தில் வரும் ஒன்றுவிட்ட சித்தப்பா மாதிரி. எல்லா ஃபோட்டோவிலும் ஓரமாக நிற்பான். அவனை வெட்டிவிட்டாலும் ஃபோட்டோ நன்றாகத்தான் இருக்கும். அடக்கத்தில் சொல்லவில்லை. திருத்தணியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இருக்கிற அத்தனை மண்டபத்திலும் ஓரமாக நின்ற அனுபவத்தில் சொல்கிறேன். கனகம்மாசத்திரத்தில் ஒரு ரிசப்ஷன் முடிந்ததும் பெண்ணின் அப்பா மேடையேறி வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். பாடகிக்குக் கொடுத்தார், ரிதம் பேடு வாசித்தவனுக்குக் கொடுத்தார், கீபோர்டுக்குக் கொடுத்தார். என் முன்னால் வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "தம்பி, அந்தச் சேரெல்லாம் எடுத்து ஓரமா அடுக்கிடு" என்றார். அடுக்கினேன். அதைவிடக் கேவலம், நன்றாக அடுக்குகிறாய் என்று அவர் பாராட்டியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பகலில் எனக்குத் தொழில், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை அகலத்துக் கடையில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுவது. ஒட்டுகிற கண்ணாடிக்கு அடியில் எப்படியும் ஒரு குமிழி நின்றுவிடும். "ரெண்டு நாள்ல தானா போயிடும்ங்க" என்பேன். குமிழி போகாது. ரெண்டு நாளில் வாடிக்கையாளர்தான் வேறு கடைக்குப் போவார். இப்படிப்பட்டவனுக்கு மாதத்தில் நாலைந்து சாயங்காலம், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, தோளில் கிதாரை மாட்டிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் நிற்கக் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. மேடை போய்விட்டால் எனக்கு மிச்சம் குமிழிதான்.

குழு பாவாவுடையது. பாவா என்றால் என் அக்கா புருஷன். எங்கள் பக்கத்தில் தமிழ் பேசுகிற வீட்டிலும் அக்கா புருஷன் பாவாதான், அப்பா நைனாதான். பாவாதான் கீபோர்டு வாசிப்பார். போன வருஷம் புதிதாக ஒரு கீபோர்டு வாங்கினார். அதில் கட்டைகளை நடுவில் பிரித்துக்கொள்ளலாம். வலது கைப் பக்கம் புல்லாங்குழல், வயலின், எது வேண்டுமோ அது. இடது கைப் பக்கம் பேஸ் கிதார். அதாவது அந்த இயந்திரத்துக்குள் என்னைப் போல ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். அவன் நேரத்துக்கு வந்தான், தப்பில்லாமல் வாசித்தான், இரண்டாவது முறை குருமா கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில் கறிக்குழம்பு. நல்லி எலும்பை என் இலையில் வைத்துவிட்டுத்தான் பாவா பேச்சை ஆரம்பித்தார். ஆட்டை வெட்டுவதற்கு முன்னால் தழை கொடுக்கிற மாதிரி.

"மாமா," என்றார். மச்சானை மாமா என்று கூப்பிட்டால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். "நீ வாசிக்கிறது ஒருத்தனுக்கும் கேக்கல. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"பேஸுன்னா அப்டித்தான் பாவா. அது கேக்கக் கூடாது. அடியில இருக்கணும்."

"அடியிலன்னா? பூமிக்கு அடியிலயா?"

அக்கா குழம்புக் கரண்டியோடு வந்தாள். தம்பிக்குப் பரிந்து பேசப் போகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இத்தினி வருசமா ஒரு உர்ர்ருனு சத்தம் வருமே, அதான் நம்ம தம்பி வாசிக்கிறதுன்னு பக்கத்துல இருக்கிறவங்ககிட்டல்லாம் பெருமையா சொல்லிகினு இருந்தேன்டா" என்றாள். "போன வாரம்தான் சொன்னாங்க, அது ஜெனரேட்டராம்."

சாதத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன். என்னைக் கிண்டல் செய்தால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். அது ஒரு தந்திரம். முன்கூட்டியே விழுந்துவிட்டால் தள்ளிவிட ஆள் இருக்காது.

பாவா தள்ளினார். ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் எங்கள் குழுவுக்கு ஒரு கச்சேரி உண்டு. காவடி எடுத்து வருகிற கூட்டம், ஆந்திராக் கூட்டம், எல்லாம் அந்தத் தெரு வழியாகத்தான் போகும். "அன்னிக்கு ஒரே ஒருத்தன்," என்றார் பாவா. "நம்ம சொந்தக்காரன் இல்லாத ஒருத்தன், உன் கிதாரப் பத்தி வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். நீ இரு. இல்லன்னா எனக்கு இடது கை கீது."

சொல்லிவிட்டு அந்த இடது கையை எனக்குக் காட்டினார். அதில் தயிர் ஒட்டியிருந்தது.

தப்பு என் விரலில் இருக்கலாம் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. மனுஷ மூளை அப்படி அமைந்திருக்கிறது. தப்பு பொட்டியில்தான் என்று முடிவு செய்தேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் போட்ட பழைய பொட்டி. ஸ்பீக்கர் நடுவில் அதிர்கிற பேப்பர் கிழிந்து, ஒட்டி, மறுபடி கிழிந்து, பார்ப்பதற்கு அப்பளத்தில் பஞ்சர் போட்ட மாதிரி இருக்கும். புதுப் பொட்டி வந்தால் உலகமே என் வாசிப்பைக் கேட்டு நின்றுவிடும் என்று நம்பி அரக்கோணத்துக்கு ரயில் ஏறினேன்.

அரக்கோணத்தில் மார்க்கெட் பக்கம் ஒரு பாய் ஸ்பீக்கர் பொட்டி செய்வார். பிளைவுட் அறுத்து, கறுப்பு ரெக்ஸின் ஒட்டி, மூலைக்கு இரும்புக் காது வைத்து, பார்க்க கம்பெனிப் பொட்டி மாதிரியே இருக்கும். சுற்றுவட்டாரத்துக் கச்சேரிக் குழுக்கள் எல்லாம் அவரிடம்தான். வாய் மட்டும் ரொம்ப மோசம். கடைக்கு வருகிறவனை மட்டம் தட்டாமல் அனுப்பினால் அன்றைக்குச் சாப்பாடு செரிக்காது அவருக்கு.

"வாங்க உஸ்தாத்" என்றார். "இன்னா, கிதாருக்குக் கண்ணாடி ஒட்டணுமா?"

விஷயத்தைச் சொன்னேன். உள்ளே இருந்து இரண்டு பொட்டியை நகர்த்தி வெளியே வைத்தார். ஒன்றில் ஒரே ஒரு பதினைந்து அங்குல ஸ்பீக்கர், அண்டா மூடி அகலத்துக்கு. இன்னொன்றில் பத்து அங்குலம் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று.

நான் கணக்கில் புலி என்று காட்ட ஆசைப்பட்டேன். "பத்தும் பத்தும் இருவது. அப்போ பதினஞ்சவிட இதுதானே பெரிசு பாய்?"

பாய் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார். உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, "இவரு சொன்னத இன்னொரு தபா சொல்லச் சொல்றேன், கேளு" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ரெண்டு குட்டையன ஒருத்தன் தோள்மேல ஒருத்தன நிக்க வச்சா நெட்டையனுக்குப் பொண்ணு குடுக்கறவன் வந்து குடுப்பானா?"

"அப்போ பதினஞ்சுதான் நல்லதா?"

"நான் சொன்னனா?"

"பின்ன பத்தா?"

"அதுவும் சொல்லல. இதோ பாருங்க உஸ்தாத். பதினஞ்சு போட்டா வயித்துல அடிக்கும். பத்து போட்டா நெஞ்சுல அடிக்கும். உங்களுக்கு எங்க வலி வேணும்னு நீங்கதான் சொல்லணும்."

இதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை. கடைசியில் நான் விழித்த விழியைப் பார்த்து அவருக்கே அலுத்திருக்க வேண்டும். ரெண்டையும் எடுத்துப் போய் ஒரு கச்சேரியில் வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டாததைத் திருப்பிக் கொண்டு வா என்றார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்கோங்க. பதினஞ்சு பெரிய மனுசன், உங்க தப்பெல்லாம் வயித்துக்குள்ள போட்டு மூடிக்கும். பத்து அப்டி இல்ல. பொண்டாட்டி மாதிரி. நீங்க பண்ணது அத்தினியும் திருப்பிச் சொல்லும்."

நான் சிரித்தேன். அவர் நகைச்சுவைக்குச் சொன்னதாக நினைத்தேன்.

இனி நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அப்பா. ரயில்வேயில் இன்ஜின் ஷெட்டில் வேலை பார்த்துக் காதை அங்கேயே விட்டுவிட்டு ஓய்வு பெற்றவர். இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காது. மிஷின் வாங்கிக் கொடுத்தோம். ஒரு வாரம் மாட்டிக்கொண்டு சுற்றினார், கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். ஏன் நைனா என்று எழுதிக் காட்டியதற்கு, "அத மாட்டினா நீங்க பேசறதெல்லாம் கேக்குது" என்றார்.

அந்த நைனாவை எங்கள் குழு ஒரு கருவியாக வைத்திருந்தது. கொடுமைதான், ஆனால் நடந்தது அதுதான். எப்போதோ ஒரு ரிசப்ஷனில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று கையைத் தூக்கி, "எவன்டா சேர ஆட்டறது?" என்று கத்தினார். ஒருவரும் ஆட்டவில்லை. பேஸ் தரை வழியாக அவர் காலுக்குப் போயிருந்தது. அன்றிலிருந்து எந்த மண்டபத்துக்குப் போனாலும், கச்சேரிக்கு முன்னால் நைனாவைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, ஹாலின் நடுவில் பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்துவிடுவோம். பேஸ் வந்தால் கையைத் தூக்க வேண்டும். வரவில்லை என்றால் சும்மா இருக்க வேண்டும். அவர் கை தூக்குகிற வரைக்கும் பாவா வால்யூம் குமிழைத் திருகிக்கொண்டே போவார். "நைனா மீட்டர்" என்று பெயர் வைத்தவன் நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். நைனாவுக்கு ஒன்றும் கேட்காததால் அவரும் சிரித்தார். முடிந்ததும் அவருக்கு ஒரு டீயும் பஜ்ஜியும் உண்டு. பஜ்ஜிக்காகத்தான் வருகிறார் என்று நினைத்திருந்தோம்.

பொட்டிகளை வைத்துப் பார்த்தது திருத்தணியிலேயே, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு மண்டபத்தில். சாயங்காலம் ரிசப்ஷன். மத்தியானமே போய்விட்டோம். மேடையில் பூ அலங்காரக்காரர்கள் தெர்மோகோலில் இதயம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ரெண்டு பொட்டியையும் எனக்குப் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஆம்ப்ளிஃபையரும் பின்னாலேயே. நைனா ஹாலின் நடுவில், செருப்பில்லாமல், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி முழங்காலில் கை வைத்துக்கொண்டு.

முதலில் ரெண்டு பத்தை மாட்டினேன். பாடகி ஒரு பாட்டைப் பிடித்தார். அவர் பள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், கச்சேரி நாளில் எதைப் பார்த்தாலும் சிரிக்கிற சுபாவம். நான் வாசித்தேன்.

அய்யய்யோ.

பாய் நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. விரல் எங்கே வழுக்குகிறது, எந்தத் தந்தி உலோகத்தில் உரசிக் கறகறக்கிறது, ரிதம் பேடுக்கு எவ்வளவு பின்னால் வருகிறேன், எல்லாம் கேட்டது. இவ்வளவு வருஷமாக என் பழைய பன்னிரண்டு கருணையோடு மறைத்து வைத்திருந்த அத்தனையையும் இந்த ரெண்டு பத்து மைக் வைத்துச் சொன்னது. நைனா அசையவில்லை. கை முழங்காலிலேயே இருந்தது.

பாட்டை நிறுத்திவிட்டு நான் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். "இந்தப் பொட்டி சரியில்ல. கரகரன்னு கீது. சின்ன ஸ்பீக்கருக்கு விரலோட வெயிட்ட தாங்கற சக்தி இல்ல. பேஸுன்னா ஒரு கம்பீரம் வேணும் பாவா."

"ஆங்" என்றார் பாவா. "சர்தான். பதினஞ்ச மாட்டிப் பாப்போம். நீ போயி நைனாகிட்ட இன்னொரு பாட்டு கீதுன்னு சொல்லு, எழுந்துடப் போறாரு."

நான் இறங்கிப் போனேன். நைனாவுக்கு இன்னொன்று என்று விரலைக் காட்டினேன். பஜ்ஜி எப்போது என்று விசாரித்தார். அதற்கும் சைகை செய்துவிட்டு மேடைக்குத் திரும்பி வருவதற்குள் பாவாவே பதினைந்தை மாட்டி வைத்திருந்தார். ஆம்ப்ளிஃபையர் பக்கம் நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கிதாரை மாட்டினேன். அதே பாட்டு.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது. முதுகுக்குப் பின்னால் ஒரு யானை மூச்சு விட்ட மாதிரி இருந்தது. சுத்தமான, உருண்டையான, சரியான நேரத்துக்கு வந்து இறங்குகிற பேஸ். மேடைப் பலகை அதிர்ந்தது. தெர்மோகோல் இதயத்திலிருந்து ஒரு பாதி கழன்று விழுந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்தது, பொய் சொல்லவில்லை. ஹாலின் நடுவில் நைனாவின் கை மெல்ல மேலே போய் அங்கேயே நின்றது.

"பாத்தீங்களா!" என்று கத்தினேன். "இதான்! இதான் என் சவுண்டு! விரலோட வெயிட்டு தெரியுதா? பதினஞ்சுதான் பாவா, பதினஞ்சேதான்! பத்த இன்னிக்கே பாய்கிட்ட திருப்பிடலாம்!"

பாடகி பாடிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. எனக்காக உருகுகிறார் என்று நினைத்தேன். உற்சாகத்தில் ஒரு காலை முன்னால் வைத்து, தலையை ஆட்டிக்கொண்டு, இல்லாத கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

சத்தம் நின்றது.

என் விரல்கள் நிற்கவில்லை. அவை பாட்டுக்குத் தந்தியைத் தட்டிக்கொண்டிருந்தன. பொட்டியில் சத்தம் இல்லை. புது ஸ்பீக்கரை எரித்துவிட்டேன் என்று பதறிப் பின்னால் குனிந்தேன். பதினைந்துக்குள் போகிற ஆம்ப்ளிஃபையரில் கீபோர்டின் ஜாக் செருகியிருந்தது. என் கிதாரின் வயர் கீபோர்டு ஸ்டாண்டுக்குக் கீழே, சோறு வைத்த பிறகு படுத்துத் தூங்குகிற நாய்க்குட்டி மாதிரி சுருண்டு கிடந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். பாவா தன் இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஐந்து விரலையும் எனக்கு ஆட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று சொல்வதற்கு, சிரிப்பு என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை. ரிதம் பேடுக்காரன் சேரிலிருந்து வழுக்கி இறங்கினான். பாடகி தரையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார். பூ அலங்காரக்காரர்களுக்குக்கூட விஷயம் முன்னாலேயே தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது இரண்டே பேருக்கு. ஒன்று நான். இன்னொருவர் இன்னும் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார்.

முதலில் சிரிக்கிற என் தந்திரம் அன்று வேலை செய்யவில்லை. வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. அந்த நேரத்தில் கோபத்தைக் காட்ட ஓர் ஆள் வேண்டும். பாவாவிடம் காட்ட முடியாது, குழு அவருடையது. ஆகவே வீரமாக மேடையிலிருந்து இறங்கி, காது கேட்காத என் அப்பாவிடம் போனேன். எதிரே நின்று, சைகையிலும் கத்தலிலுமாகக் கேட்டேன்: நான் வாசிக்கவே இல்லை, நீ எதுக்குக் கையத் தூக்கின?

நைனாவுக்குப் புரிய நேரமாகியது. பாவாவின் கையைப் பார்த்தார், கீழே கிடந்த வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காது கேட்காதவர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"காலுக்கு வந்துச்சு, தூக்கினேன். எவன் வாசிக்கறான்னு காலுக்குத் தெரியுமா? நான் செவிடு, ஆங். தோள்ல மாட்டிகினு நின்னியே, நீ யாரு?"

சமையற்கட்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அன்று ரிசப்ஷனில் என்னை மேடையில் நிற்கத்தான் வைத்தார்கள். கிதார் இல்லாத ஆர்கெஸ்ட்ராவை மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வயரை மட்டும் செருக வேண்டாம் என்று பாவா சொன்னார். செருகவில்லை. பதினைந்தில் பாவாவின் இடது கை வாசித்தது. நான் விரலை ஆட்டினேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இல்லை, ஒருத்தருக்குத் தெரிந்தது. ஒரு பெரியவர் பந்திக்குப் போகிற வழியில் நின்று, "இன்னிக்கு கிதாரு சூப்பரு தம்பி" என்றார். சொந்தக்காரர் இல்லாத ஒருத்தர் என் கிதாரைப் பற்றி வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை அது. பாவாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாள் பாவாவின் வீட்டுக்குப் போனேன். பதினைந்தை அவர் வைத்துக்கொள்ளட்டும் என்றேன். அவருடைய இடது கைக்குச் செய்த பொட்டி அது. ரெண்டு பத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், ஆடிக் கிருத்திகைக்கு அதில்தான் வாசிப்பேன் என்றேன்.

பாவா என்னைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார். அது நடிப்பில்லை என்றே இன்னும் நினைக்கிறேன். "டேய், அதுல நீ வாசிக்கிறது கேக்கும்டா."

"கேக்கட்டும்."

"நீ சொல்லிகினு கீறது உனக்குப் புரியுதா? நீ வாசிக்கிறது... கேக்கும்."

"ஒரே ஒரு பாட்டு பாவா. அந்த ஒரு பாட்டுக்கு இடது கையத் தூக்கி மடியில வச்சிக்கோ. ஒருத்தனும் ஒண்ணும் சொல்லலன்னா நானே கிதார கழட்டி உன் கையில குடுத்துட்டு எறங்கிடறேன்."

ரெண்டு பொட்டியும் திரும்பி வராது என்று பாயிடம் சொன்னபோது, "பாவாவுக்கு வயிறு, உங்களுக்கு நெஞ்சு. நல்ல குடும்பம்" என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை நான் விவரமாகச் சொல்ல மாட்டேன். கடையைச் சாத்திவிட்டு வந்து சாயங்காலம் சாயங்காலம் ரெண்டு பத்தின் எதிரே உட்கார்ந்து வாசித்தேன். ஒருவன் தன் முகத்தை முதல் தடவையாக நல்ல வெளிச்சத்தில் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்தது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நான் பின்தங்குகிறவன். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மயிரிழை பின்னால் வருகிறவன். இத்தனை வருஷமாக எல்லோரும் வேகமாகப் போகிறார்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் மனைவி மாவு பிசைந்த கையோடு வந்து வாசலில் நின்றாள். "அந்தப் பொட்டி வந்ததிலருந்துதான் நீ வாசிக்கிறதே கேக்குது" என்றாள். எனக்கு மனசு குளிர்ந்தது. "பழசயே எடுத்தாந்துடேன்" என்று முடித்தாள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. மலையடிவாரத் தெருவில் மஞ்சள் துணியும் சந்தனம் பூசிய மொட்டைகளுமாக ஓர் ஆறு போய்க்கொண்டிருந்தது. பூக்காவடிகள் மின்சார வயரில் மாட்டாமல் குனிந்து குனிந்து போயின. கற்பூரப் புகை, சுண்டல் வண்டி, போலீஸ் மைக்கில் தொலைந்துபோன ஒரு பையனின் சட்டை நிறம். மேடை இந்த ஆற்றின் கரையில். பதினைந்து பாவாவின் பக்கம். ரெண்டு பத்தை ஒரு ஸ்டூலின் மேல் ஏற்றி, கூட்டத்தின் முகத்துக்கு நேராக வைத்தேன். மறைவதற்கு இடம் வேண்டாம் என்று நானே முடிவு செய்திருந்தேன். நைனா முன்வரிசையில், தன் வழக்கமான சேரில். செருப்பை யாரும் சொல்லாமலே கழற்றியிருந்தார்.

நாலாவது பாட்டு என்னுடையது. பாவா என்னைப் பார்த்து இடது கையைத் தூக்கினார், ஊருக்கே தெரிகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். கொட்டாவிகூட விட்டார்.

வாசித்தேன். பல்லவி போயிற்று. யாரும் திரும்பவில்லை. சரணம் பாதி போயிற்று. ஒரு குழந்தை என்னைப் பார்த்தது, பிறகு பலூனைப் பார்த்தது. பாடகி இரண்டாம் சரணத்தை எடுத்தார். இனி ஒரு பல்லவிதான். கிதாரைக் கழற்றிக் கொடுக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன். யோசித்ததில் இன்னும் பின்தங்கினேன்.

மேடைக்கு இடது பக்கம் ஒரு காவடிக் கூட்டம் வழி கிடைக்காமல் நின்றிருந்தது. அவர்களோடு வந்த பம்பைக்காரர், பம்பையை இடுப்பில் கட்டியபடி, நெற்றி முழுக்கத் திருநீறோடு, பல் குத்திக்கொண்டு நின்றார். நின்றவர் முகம் சுளித்தார். பல் குத்துவதை நிறுத்தினார். இன்னும் சுளித்தார். பிறகு, பம்பைச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய அந்தத் தொண்டையில் கத்தினார்.

"யோவ் கிதாரு! இன்னாயா பின்னாடியே வந்துகினு கீற? செத்தவனத் தூக்கிகினு போறியா? முன்னாடி வாய்யா!"

கூட்டம் திரும்பியது. அத்தனை சந்தன மொட்டையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. இத்தனை வருஷத்தில் அத்தனை கண் என்மேல் விழுந்தது அதுதான் முதல் தடவை. யாரோ தெலுங்கில் ஏதோ சொல்ல, ஒரு வரிசை முழுக்க வெடித்துச் சிரித்தது. பம்பைக்காரர் அதோடு விடவில்லை. குச்சியை எடுத்தார். சண்டி மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போகிறவர் மாதிரி, எனக்குத் தாளம் தட்டிக் காட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு தட்டுக்கும், "ஆங், வா... ஆங், வா..." கூட்டமும் சேர்ந்துகொண்டது. "ஆங், வா! ஆங், வா!" கையைத் தூக்கித் தட்டிக்கொண்டு ஒரு தெருவே என்னை ஓட்டியது. எனக்குக் காதெல்லாம் எரிந்தது. விரல்கள் வேறு வழியில்லாமல் முன்னால் போயின. கடைசிப் பல்லவியில் இரண்டு வரி, சரியாக அந்தக் குச்சியோடு சேர்ந்து விழுந்தேன். இரண்டே வரி. அந்த இரண்டு வரியை யாரும் பாராட்டவில்லை. திட்டு நின்றுபோனதுதான் அதற்கு அடையாளம்.

பாட்டு முடிந்ததும் பாவாவைப் பார்த்தேன். அவர் சிரித்துச் சிரித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொந்தக்காரன் இல்ல" என்றேன். "கிதாரப் பத்திதான் சொன்னான்."

"செத்தவனத் தூக்கிகினு போறன்னு சொன்னான்டா."

"சொன்னான்ல?"

அடுத்த பாட்டுக்கு ரிதம் பேடு ஆரம்பித்துவிட்டது. பாவாவின் வலது கை புல்லாங்குழலுக்குப் போயிற்று. இடது கை கட்டைக்குமேல் வந்தது, ஒரு நொடி நின்றது, பிறகு திரும்பி மடியில் போய் உட்கார்ந்தது. "நீயே வாங்கிக் கட்டிக்கோ" என்றார்.

நான் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ரெண்டு பத்து இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போதெல்லாம் எந்த மண்டபத்தில் தப்பு செய்தாலும் எல்லோருக்கும் தெரிகிறது. சேர் அடுக்கச் சொல்வதில்லை, அது ஒரு முன்னேற்றம்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியாது. தெருவே "ஆங், வா" என்று கூவிக்கொண்டிருந்தபோது முன்வரிசையைப் பார்த்தேன். நைனாவின் வலது கை உயர்ந்திருந்தது. அந்த இரண்டு வரி அவர் காலுக்குப் போயிற்றா, இல்லை சுற்றிலும் எல்லோரும் கை தூக்குகிறார்களே, நாமும் பையனை ஒரு கை பார்ப்போம் என்று தூக்கினாரா, தெரியவில்லை. முகத்தில் ஒரு சிரிப்பு வேறு இருந்தது, அது எந்தச் சிரிப்பு என்றும் சொல்ல முடியவில்லை. அவரிடம் விசாரித்துவிடலாம். ஆனால் நான் கத்தி விசாரிக்க வேண்டும், அவர் கத்திப் பதில் சொல்வார். எங்கள் தெருவில் வீடுகள் நெருக்கம்.